ஜேஇஇ-யில் நல்ல ஸ்கோர், பிளஸ் டூ-வில் குறைந்த மார்க்: எங்கே விண்ணப்பிக்கலாம்?

என்ஐடி போன்ற மத்திய இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில் 97 பெர்சன்டைல், பிளஸ் டூ கணக்கில் 70 மார்க். இப்படி வந்து நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள். இரண்டு வருஷம் கோச்சிங்கே கதியென்று இருந்துவிட்டு, பள்ளிப் பாடப்புத்தகத்தின் ஐந்து மார்க் கேள்விகளை எட்டிக்கூடப் பார்க்காவிட்டால் வேறென்ன ஆகும். வீட்டில் திட்டு வாங்கும் கட்டம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று பார்ப்போம்.

பிளஸ் டூ மார்க்கை எல்லாக் கல்லூரியும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. சில இடங்களில் அந்த மார்க்தான் ரேங்க். சில இடங்களில் அது வாசலில் காட்டும் டிக்கெட் மாதிரி, குறிப்பிட்ட அளவு இருந்தால் உள்ளே விடுவார்கள், அதற்கப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னும் சில இடங்களில் நுழைவுத் தேர்வையும் பிளஸ் டூ-வையும் கலந்து ரேங்க் போடுவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது வகை, டிக்கெட் வகை. ஒரு கல்லூரியின் பெயர், கட்டடம், பிளேஸ்மென்ட் விளம்பரம் எதையும் பார்ப்பதற்கு முன்னால் அது இந்த மூன்றில் எது என்று கண்டுபிடியுங்கள். அந்த வருஷத் தகவல் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பி பணம் கட்டாதீர்கள்.

ஒரு மார்க் ஷீட்டை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். ஸ்டேட் போர்டு மாணவி ஒருத்தி என்று கற்பனை செய்துகொள்வோம்: தமிழ் 91, இங்கிலீஷ் 74, கணக்கு 70, இயற்பியல் 72, வேதியியல் 66, கம்ப்யூட்டர் சயின்ஸ் 89.

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கான டிஎன்இஏ கவுன்சலிங்கில் இவள் கட்-ஆஃப் 200-க்கு 139. கணக்கு மார்க் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி, அவ்வளவுதான் கணக்கு. தமிழ்நாட்டில் 2007-ல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள், அதனால் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி கல்லூரியிலோ எம்ஐடி-யிலோ இவளுடைய 97 பெர்சன்டைலை யாரும் கேட்கப் போவதில்லை.

இதே மார்க் ஷீட்டை என்ஐடி, ஐஐஐடி-களுக்கான ஜோசா கவுன்சலிங்குக்குக் கொண்டு போங்கள். அங்கே பொதுப் பிரிவுக்கும் ஓபிசி-க்கும் பிளஸ் டூ-வில் 75 சதவீதம் வேண்டும், எஸ்சி எஸ்டி-க்கு 65. ஆனால் அவர்கள் பார்ப்பது மூன்று பாடத்தை மட்டுமல்ல, ஒரு மொழிப்பாடத்தையும் இன்னொரு பாடத்தையும் சேர்த்து ஐந்து. இரண்டு மொழி இருந்தால் அதிக மார்க் உள்ளதை எடுத்துக்கொள்வார்கள். தமிழில் வாங்கிய 91 இங்கேதான் கை கொடுக்கிறது: 500-க்கு 388, அதாவது 77.6 சதவீதம். தாண்டிவிட்டாள். இதன் பிறகு அவளுக்கும் 98 சதவீதம் வாங்கியவனுக்கும் வித்தியாசமே கிடையாது, ஜேஇஇ ரேங்க் மட்டும்தான் பேசும்.

பிட்ஸ் பிலானியில் கதை வேறு. அங்கே கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றில் மட்டும் சேர்த்து 75 சதவீதம், ஒவ்வொன்றிலும் குறைந்தது 60. இவளுக்கு 300-க்கு 208, 70 சதவீதம்கூட இல்லை. அவர்களுடைய நுழைவுத் தேர்வான பிட்சாட்டில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை, அந்தத் தேர்வுக் கட்டணம் வீண். விஐடி-யில் பொதுப் பிரிவுக்கு அதே மூன்று பாடத்தில் 60 சதவீதம் இருந்தால் அவர்களுடைய நுழைவுத் தேர்வான விஐடிஇஇஇ எழுதலாம், ரேங்க் நன்றாக வந்தால் கட்டணப் பிரிவும் குறையும், நல்ல ரேங்குக்கு அங்கே நேரடியாகப் பணத்தில் பலன் உண்டு. டெல்லியில் டிடியு, என்எஸ்யுடி போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் ஜேஇஇ மெயின் ரேங்கில்தான் எடுக்கின்றன. அங்கே வெளிமாநிலத்தவருக்கு 15 சதவீத இடம்தான் என்பதால் போட்டி கடுமை, இருந்தாலும் பட்டியலில் வைக்கலாம். சாஸ்த்ராவில் ஜேஇஇ-யோடு பிளஸ் டூ மார்க்கும் சேர்கிறது, கட்டடக் கலைப் படிப்பான பி.ஆர்க் சேர்க்கையிலும் நேட்டா என்ற திறனறித் தேர்வுக்குப் பாதி, பிளஸ் டூ-வுக்குப் பாதி. இவை எல்லாம் கலப்பு வகை, இரண்டாம் பட்சமாக வையுங்கள்.

75 வரவில்லை, 73-லோ 74-லோ நிற்கிறது என்றால் உடனே கை கழுவ வேண்டாம். ஜோசாவில் 75 சதவீதம் இல்லாவிட்டாலும் உங்கள் போர்டில் முதல் 20 பெர்சன்டைலுக்குள், அதாவது மேலே உள்ள 20 சதவீதம் பேருக்குள், இருந்தால் போதும், இரண்டில் ஒன்று போதுமானது. அதற்கான எல்லை மார்க்கைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் விடைத்தாள் நகல் வாங்கி, மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போட்டுவிடுங்கள். நாலைந்து மார்க்கில் இடம் தவறிப்போகிறவர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை, தேதி மட்டும் ரொம்பச் சீக்கிரம் முடிந்துவிடும். இதில் ஒரு பொறி இருக்கிறது: ஜேஇஇ எழுதும்போது இந்த 75-ஐ யாரும் தடுத்துக் கேட்க மாட்டார்கள், சீட் கிடைத்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில்தான் கேட்பார்கள். அங்கே இல்லையென்றால் சீட் போய்விடும், அதற்குள் மற்ற கல்லூரிகளின் கடைசித் தேதியும் போயிருக்கும்.

இப்போது ரேங்க். பெர்சன்டைலை மார்க் சதவீதம் என்று நினைத்துக்கொண்டு உறவினர்களிடம் பெருமை பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 97 பெர்சன்டைல் என்றால் உங்களுக்கு மேலே 3 சதவீதம் பேர். சமீப வருஷங்களில் 14 லட்சத்துக்கு மேல் எழுதுகிறார்கள், ஆக ரேங்க் 42,000-க்குக் கொஞ்சம் மேலே. இதில் திருச்சி என்ஐடி கம்ப்யூட்டர் சயின்ஸ் கனவு வேண்டாம். ஜோசா தளத்தில் போன வருஷங்களின் தொடக்க ரேங்கும் முடிவு ரேங்கும் சுற்று வாரியாக இருக்கிறது. கடைசிச் சுற்றைத் திறந்து, உங்கள் பிரிவு, மாநில ஒதுக்கீடு, பெண்களுக்கான தனி இடம் எல்லாவற்றையும் சரியாகத் தேர்வு செய்து பாருங்கள். ஒரே கல்லூரியில் ஒரே படிப்புக்கே இந்த எண்கள் ஆயிரக்கணக்கில் மாறும். வடகிழக்கு என்ஐடி-கள் எங்கே முடிகின்றன என்றும் பாருங்கள், தூரம் என்று பார்க்காமலே ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

மாநில ஒதுக்கீடு பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. திருச்சி என்ஐடி-யில் பாதி இடம் தமிழ்நாட்டுக்கு, ஆனால் தமிழ்நாட்டுக்காரர் என்றால் இங்கே பிறந்தவர் இல்லை, பிளஸ் டூ-வை இங்கே உள்ள பள்ளியில் முடித்தவர். கோச்சிங்குக்காக ஹைதராபாத்திலோ ராஜஸ்தானில் உள்ள கோட்டாவிலோ பிளஸ் டூ படித்திருந்தால் நீங்கள் திருச்சிக்கு வெளிமாநிலம். காரைக்காலில் உள்ள என்ஐடி புதுச்சேரிக்கு உரியது. காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம்-மிலும் திருச்சி ஐஐஐடி-யிலும் இந்தப் பிரச்சினையே இல்லை, எல்லாம் அகில இந்திய ஒதுக்கீடு.

சாய்ஸ் போடும்போது கிடைக்குமா கிடைக்காதா என்று யோசிக்காமல் உண்மையில் எது வேண்டுமோ அதை மேலே போடுங்கள். கிடைக்காததை மேலே வைத்ததால் கீழே உள்ளது பறிபோகாது. சீட் வந்ததும் இதுவே போதும் என்று ஃப்ரீஸ் கொடுக்காமல், இன்னும் நல்லது வந்தால் மாறிக்கொள்கிறேன் என்று ஃப்ளோட் கொடுத்தால் அடுத்த சுற்றில் மேலே உள்ளது கிடைக்க வாய்ப்பு இருக்கும், கையில் உள்ளதும் அதுவரை இருக்கும். ஜோசா முடிந்ததும் மிஞ்சிய இடங்களுக்கு சிசாப் சிறப்புச் சுற்றுகள் வேறு உண்டு.

இன்ஜினியரிங் மட்டுமே உலகம் இல்லை என்று சொல்லும் பெரியவர்களை நானும் கேட்டு அலுத்தவன், ஆனால் தேர்வில் கெட்டிக்காரர்களுக்கு இது நிஜம். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனமான ஐசர் இருக்கிறது, பொதுப் பிரிவுக்கு பிளஸ் டூ-வில் 60 சதவீதம் போதும், அவர்களுடைய ஐஏடி நுழைவுத் தேர்வுதான் முடிவு. கணக்கு பிடிக்கும் என்றால் சிறுசேரியில் சென்னை கணிதக் கழகம், தன் நுழைவுத் தேர்வை வைத்துத்தான் எடுக்கிறது. வினாத்தாள் ஜேஇஇ மாதிரி இருக்காது, பழைய தாள்களைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸுக்கு பிளஸ் டூ பாஸ் போதும், நான்கு வாரப் பாடமும் ஒரு தகுதித் தேர்வும்தான் வாசல், இன்னொரு டிகிரியோடு சேர்த்தும் படிக்கலாம்.

டிஎன்இஏ-விலும் பதிவு செய்துவிடுங்கள். 500 ரூபாய், எஸ்சி எஸ்டி-க்கு 250. கட்-ஆஃப் குறைவானவர்களுக்குக் கடைசிச் சுற்றுதான் வரும், ஆனால் அப்போதும் ஒழுங்கான கல்லூரியில் மெக்கானிக்கல், சிவில் போன்ற இடங்கள் மிஞ்சுவதுண்டு.

கடைசியாக, சான்றிதழ். நம்மூர் பிசி, எம்பிசி சான்றிதழை ஜோசாவில் ஏற்க மாட்டார்கள், மத்திய அரசு வடிவில் ஓபிசி, கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லாதவர் என்று தனியாக வேண்டும், அதுவும் அந்த வருஷம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக. இ-சேவை மையத்தில் போட்டால் தாலுகா ஆபீஸ் போய்த் திரும்ப நாளாகும், ஆகவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். தவறினால் பொதுப் பிரிவில்தான் உங்களை வைப்பார்கள்.