நர்சிங் சேரப் போறீங்களா? கட்டணத்தைக் கேட்பதற்கு முன் வார்டைக் கேளுங்கள்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து நல்ல மதிப்பெண் இருந்தால் யோசிக்காமல் 4 வருட பி.எஸ்சி. நர்சிங்கைப் பாருங்கள். வேறு குரூப் எடுத்திருந்தால் 3 வருட ஜி.என்.எம். (பொது நர்சிங், பிரசவ கவனிப்பு) டிப்ளமோ இருக்கிறது, அதை மட்டமாக நினைக்க வேண்டாம், முடித்துவிட்டு 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் பட்டம் கையில் வந்துவிடும். ஆனால் மொத்தம் 5 வருடம். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பணிக்கு பி.எஸ்சி. முடித்தவர்கள் நேராகவே விண்ணப்பிக்கலாம், ஜி.என்.எம். என்றால் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் 2 வருட அனுபவம் வேண்டும்.

சரி, எந்தக் கல்லூரி? கவுன்சில் அங்கீகாரத்தை இந்திய நர்சிங் கவுன்சில், மாநில கவுன்சில் இரண்டிலும் நீங்களே சரிபாருங்கள், விளம்பரத்தை நம்பாதீர்கள். அப்புறம், கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா என்று கேளுங்கள். என் அக்கா மகளோடு ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன், கட்டடம் பளபளவென்று இருந்தது, ஆய்வகத்தில் பயிற்சி பொம்மைக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, பக்கத்து மருத்துவமனை வார்டில் பாதிக் கட்டில் காலி. நோயாளியே இல்லாத இடத்தில் பிள்ளை எங்கே ஊசி போட, டிரிப் ஏற்றக் கற்றுக்கொள்ளும்? அதனால் மூன்றாம் வருட மாணவிகள் இரண்டு பேரைத் தனியாகப் பிடித்து, வாரத்தில் எத்தனை நாள் வார்டு, எத்தனை பிரசவம் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வரும் முன் இதைச் செய்துவிடுங்கள்.