தனக்கா கல்

யாங்கூனில் 47 ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தவள் போன பிறகு, விடியற்காலையைத்தான் தாங்க முடியவில்லை. பர்மியர் அரைத்து முகத்தில் பூசும் தனக்கா மரக்கட்டையை அவள் கல்லில் தேய்க்கும் சத்தத்தில்தான் தினமும் விழிப்பேன். காரியம் முடிந்து நான்கு மாதமாகியும் அந்த வட்டக்கல்லை யாரையும் தொடவிடவில்லை. எடுத்து வைக்க வந்த மகளோடு சண்டை வேறு, என் தவறுதான்.

ஒருநாள் நானே கல்லைக் கழுவி, கட்டையின் பட்டைப் பக்கத்தைத் தேய்த்தேன். தண்ணீர் கூடிப்போய் மோர்போல் ஓடியது. சில சொட்டுகள் போதும், அவசரப்படாமல் வட்டமாக அரைக்க வேண்டும் என்பது கைக்குப் பழக ஒரு வாரமானது. இப்போது அவள் படத்துக்கு ஒரு பொட்டு வைக்கிறேன்; மீதியைப் பேத்தி கன்னத்தில் பூசிக்கொள்கிறாள். அழுகை நிற்கவில்லை. ஆனால் விடிந்ததும் எழுந்துவிடுகிறேன், கல் காய்ந்து கிடக்கக்கூடாதே.