லெட்டர்பாக்ஸ் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்: கிடைப்பதற்கு முன்பும், கிடைத்த பிறகும்

டார்ட்மூரில் லெட்டர்பாக்ஸ் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெட்டியை யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் சொல்வார்கள். பெரும்பாலும் பெட்டி வைத்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும். பெட்டி இருக்கும் இடத்துக்கு வழி சொல்லும் துப்பைப் பாதி படித்துவிட்டு நடக்கத் தொடங்கியதுதான் சிக்கல்.

புதிதாக வருகிறவர்களுக்கு இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில் இருக்கிறது டார்ட்மூர் தேசியப் பூங்கா. 954 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம், புல்லும் சதுப்பும், உச்சிகளில் 'டோர்' என்று சொல்லப்படும் கருங்கல் பாறைகள். 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற ஆளரவமில்லாத இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார், அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் அதில் தங்கள் விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். பிற்பாடு சொந்த முகவரி எழுதிய தபால் அட்டையை விட்டுப் போகும் பழக்கம் வந்தது, அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் போய்த் தபாலில் சேர்ப்பார். இன்று லெட்டர்பாக்ஸ் என்பது ஒளித்துவைத்த, தண்ணீர் புகாத ஒரு டப்பா, உள்ளே ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு நோட்டு. அந்த ஸ்டாம்பை உங்கள் நோட்டில் பதித்துக்கொண்டு, உங்கள் ஸ்டாம்பை அந்த நோட்டில் பதித்துவிட்டு, மறுபடி ஒளித்துவைத்துவிட்டு வர வேண்டும்.

அதிகம் பேர் சறுக்குவது டிகிரி கணக்கில். ஒரு டோர் 250 டிகிரி, ஒரு தேவாலயக் கோபுரம் 170 டிகிரி என்று துப்பு சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டோர் மேல் ஏறி நின்று காம்பஸில் 250 வைத்து நடந்தால் பெட்டிக்கு நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பீர்கள், ஏனென்றால் அந்த எண்கள் ஒளித்துவைத்தவர் பெட்டியின் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியவை. டோரிலிருந்து பெட்டி எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமானால் 180-ஐக் கழியுங்கள், 70 டிகிரி. டோரும் கோபுரமும் சொன்ன டிகிரியில் ஒரே சமயம் தெரிகிற இடம் வரும்வரை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டோரை வைத்துக் கணக்குப் போடும்போது 5 டிகிரி பிசகினால் ஏறக்குறைய 87 மீட்டர் விலகிவிடுவீர்கள், அதனால் தூரத்து அடையாளங்களை வைத்து இடத்தை நெருங்கிவிட்டு, கடைசியில் பக்கத்துப் பாறை, ஓடை, ஒற்றை மரம் போன்றவற்றை நம்புங்கள். காந்தம் வைத்த போன் கவரைக் காம்பஸ் பக்கத்தில் பிடிக்காதீர்கள். அப்புறம், காம்பஸ் ஊசி காட்டும் காந்த வடக்கு ஆண்டுக்காண்டு நகர்கிறது. 1980-களில் எழுதிய துப்பு இன்றைய காம்பஸில் பல டிகிரி தள்ளிக் காட்டும். அமெரிக்காவில் தேடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், மெய்ன் மாநிலத்தில் ஊசி உண்மையான வடக்கிலிருந்து ஏறக்குறைய 15 டிகிரி மேற்கே விலகும், வாஷிங்டன் மாநிலத்தில் அதே அளவு கிழக்கே.

துப்பில் '20 எட்டு நட' என்றிருந்தால், அது யாருடைய எட்டு? சிலர் ஒரு காலை எடுத்து வைப்பதை ஒன்று என்கிறார்கள், சிலர் இரண்டு காலும் சேர்ந்தால்தான் ஒன்று என்கிறார்கள். 20-ல் கிடைக்கவில்லை என்றால் அதே திசையில் 40 வரை பார்த்துவிட்டுப் பிறகு சந்தேகப்படுங்கள்.

இங்கே நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் கல்லைப் பெயர்க்காதீர்கள். டார்ட்மூரில் கற்சுவர்களிலும், பழங்காலக் கல்லறைகள் போன்ற தொல்சின்னங்களிலும் பெட்டி வைக்கக் கூடாது என்பதே விதி, ஆகவே அங்கே தேடவே வேண்டாம். பாறை இடுக்கில் கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள், அந்தப் பக்கம் விரியன் பாம்பு உண்டு.

வடக்குப் பக்கம் ராணுவத்தின் துப்பாக்கிச் சுடும் பயிற்சி நிலங்கள் மூன்று இருக்கின்றன. சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக் கூடாது, பெட்டி நூறு அடியில் இருந்தாலும் சரி. பயிற்சி நேரங்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள், கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். பளிச்சென்று பச்சையாக, மெத்தை போலத் தெரிகிற பாசியில் காலை வைக்காதீர்கள், அடியில் சதுப்பு. மூடுபனி இறங்கினால் போனை மட்டும் நம்பி நடக்க முடியாது, தாள் வரைபடம் கையில் இருக்கட்டும்.

சரி, பெட்டி கிடைத்துவிட்டது. எனக்கு அதிக வருத்தம் தரும் தவறுகள் இதற்குப் பிறகுதான் நடக்கின்றன. ஒருமுறை ஒரு டப்பாவைத் திறந்தபோது, முன்னால் வந்தவர் உள்ளிருந்த ஜிப் கவரை ஒரு விரல் அகலம் மூடாமல் விட்டிருந்தார். நோட்டு ஊறிப்போய் உப்பியிருந்தது. பக்கம் பக்கமாக யார் யாரோ கையால் செதுக்கிப் பதித்த நரிகள், ஆந்தைகள், குதிரைகள் எல்லாம் ஒரே ஊதா நிறக் கறையாகக் கலந்து கிடந்தன. ஒரு விரல் இடைவெளியில் அத்தனை பேருடைய வருகையும் அழிந்துவிட்டது. அதற்குப் பிறகு மாற்று ஜிப் கவர் இரண்டு இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

மழையில் திறக்க நேர்ந்தால் குடைக்கடியில் திறங்கள். ஸ்டாம்பைத் துடைத்துவிட்டு வையுங்கள், மை காய்வதற்குள் நோட்டை மூடினால் எதிர்ப்பக்கத்திலும் பதிந்துவிடும். வழியில் யாராவது வந்தால் அவர்கள் கடந்து போகும்வரை ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருங்கள், ஒளிவிடம் வெளியே தெரிந்த பெட்டி அதிக நாள் தங்காது.

மூடிவைக்கும் கல்லை எடுக்கும்போதே அதன் மேற்பக்கம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலும் மழையும் பட்ட பக்கத்தில் சாம்பல் நிறப் பாசி படிந்திருக்கும், அடிப்பக்கம் ஈரமண் ஒட்டிக் கறுத்திருக்கும். புரட்டி வைத்துவிட்டால் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். வைத்துவிட்டுப் பத்து எட்டு தள்ளிப் போய்த் திரும்பிப் பாருங்கள். கண் நேராக அந்தக் கல்லுக்குப் போனால், திரும்பிப் போய்ச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.