குழு அட்மினும் திருட்டு பிடிஎஃப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம் கல்மண்டபத்தில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்குச் சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் வந்தார். வியாசர்பாடி, மகாகவி பாரதி நகர்க்காரர். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார். அவரும் மூன்று நண்பர்களும் தொடங்கிய டெலிகிராம் குழுவில் தொள்ளாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். யாரோ ஒருவர் அதில் ஒரு பயிற்சி மையத்தின் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார். அட்மினான இவர் அதைக் குழுவின் மேலே எப்போதும் தெரியும்படி 'பின்' செய்து, "நண்பருக்கு நன்றி, எல்லோரும் இறக்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரியும் எழுதிவிட்டார். நான்காம் நாள் அந்த மையத்தின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அன்றிரவே குழுவை அழித்து, கைப்பேசியையும் ரீசெட் செய்துவிட்டு, மறுநாள் காலை என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"சார், எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இனிமேல் பிரச்சினை இல்லையே?"

இருந்தது. நோட்டீஸுக்கு முன்னால் செய்தது ஒரு தவறு, பின்னால் செய்தது இன்னொரு தவறு. இரண்டில் பின்னதுதான் எனக்கு அதிக வேலை வைத்தது.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்கிறேன். பலரும் இதைக் 'காப்புரிமை' என்கிறார்கள். அது புதுக் கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது. புத்தகம், பாட்டு, படம் ஆகியவற்றுக்கு இருப்பது பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63-ஆம் பிரிவில், தெரிந்தே அந்த உரிமையை மீறுகிறவரையும் மீறலுக்குத் துணைபோகிறவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். 'தெரிந்தே', 'துணைபோவது' என்ற இரண்டு சொற்களில்தான் அட்மினின் தலையெழுத்து இருக்கிறது. குழுவில் ஒருவர் எதையோ போட்டுவிட்டார் என்பதால் மட்டும் அட்மின் துணைபோனவர் ஆகிவிடமாட்டார். அதைப் பின் செய்து நன்றியும் சொன்னவர், நான் துணைபோகவில்லை என்று வாதாடுவது கடினம்.

இந்த இடத்தில் பலரை ஏமாற்றுவது பத்திரிகைத் தலைப்பு. "வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர் போடும் பதிவுக்கு அட்மின் பொறுப்பல்ல: உயர் நீதிமன்றம்" என்ற செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவின் முகப்பிலேயே வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ஏதோ கண்திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி. அந்தத் தீர்ப்புகள் உண்மைதான். மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021 மார்ச்சிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் அப்படித்தான் கூறின. நம் மதுரை அமர்வும் 2021 டிசம்பரில், மனுதாரர் வெறும் அட்மினாக மட்டுமே இருந்தார் என்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்கிவிடுங்கள் என்று காவல்துறைக்குச் சொன்னது. ஆனால் இவை எதுவும் திருட்டுப் பிரதி வழக்குகள் அல்ல. நாக்பூர் அமர்வு தன் தீர்ப்பிலேயே ஒரு விதிவிலக்கையும் வைத்தது: பொது எண்ணமோ, முன்கூட்டிய ஏற்பாடோ இருந்தால் கதை வேறு. 'மட்டுமே' என்ற சொல்லை விட்டுவிட்டுத் தீர்ப்பைப் படிப்பதுதான் தவறு.

அடுத்தது, "நான் ஒரு பைசா வாங்கவில்லையே" என்பது. ஏழைப் பிள்ளைகளுக்கு உதவத்தானே செய்தேன் என்ற நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. இரண்டு மாத வீட்டு வாடகைக்குச் சமமான தொகையைப் பயிற்சி மையத்துக்குக் கட்ட முடியாத குடும்பங்கள்தான் வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் அதிகம். ஆனால் லாபநோக்கு இல்லாதது குற்றத்தை இல்லாமல் ஆக்காது. ஆறு மாதத்துக்கும் குறைவாகத் தண்டிக்க நீதிமன்றத்துக்கு ஒரு வழி திறக்கிறது, அவ்வளவுதான். அதற்கும் தக்க காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும். இதோடு 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், 63-ஆம் பிரிவுக் குற்றம் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடியது, ஜாமீனில் விட முடியாதது என்று தெளிவாக்கிவிட்டது. ('ஜாமீனில் விட முடியாதது' என்றதும் சிலர் அழுதே விடுகிறார்கள். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் பார்த்துக் கொடுக்கும் என்பதுதான் அதன் பொருள்.)

இனி அழிக்கும் தவறு. குழுவை அழித்தபோது நம் இளைஞர் என்னென்ன இழந்தார் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கோப்பைப் போட்டவர் யார், எந்தத் தேதி, எத்தனை மணி என்ற விவரம் போயிற்று. இரண்டு மாதத்துக்கு முன்பு "புத்தக பிடிஎஃப் போடாதீர்கள்" என்று அவரே ஒருமுறை எச்சரித்திருந்தாராம். அவருக்குச் சாதகமாக இருந்த ஒரே வரி அது, அதுவும் போயிற்று. பின் செய்த அந்த நன்றி வரி மட்டும் போகவில்லை. நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தில், மணி இரவு 9.42 என்று தெரியும்படி, ஸ்கிரீன்ஷாட்டாகப் பளிச்சென்று இருந்தது. தனக்கு எதிரான ஆதாரத்தை எதிராளியிடம் விட்டுவிட்டுத் தனக்கு ஆதரவானதைத் தானே அழித்திருக்கிறார். போதாததற்கு, ஆதாரத்தை மறைத்தார் என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவைக் காட்டி மிரட்டவும் எதிர்த்தரப்புக்கு இடம் கொடுத்துவிட்டார்.

செய்திருக்க வேண்டியது இதுதான். பதிவு, போட்டவரின் பெயர், தேதி, நேரம் எல்லாம் விழும்படி ஸ்கிரீன்ஷாட். பிறகு அந்தக் கோப்பை மட்டும் நீக்குதல். வாட்ஸ்அப்பிலும் 2022 முதல் மற்றவர் போட்டதை எல்லோருக்கும் நீங்கும்படி அட்மினே நீக்க முடிகிறது. பிறகு குழுவில் ஒரு வரி: "உரிமையாளரிடமிருந்து புகார் வந்ததால் நீக்கியிருக்கிறேன்." பிறகு நோட்டீஸுக்கு, இன்ன தேதியில் நீக்கப்பட்டது என்று சுருக்கமான பதில். கைகூப்பி, "திருட்டுத்தனமாகப் பகிர்ந்துவிட்டோம், மன்னியுங்கள்" என்று நாலு பக்கம் எழுதுகிறவர்கள் உண்டு. அது மன்னிப்புக் கடிதமாகப் படிக்கப்படாது, வாக்குமூலமாகத்தான் படிக்கப்படும். கோப்பைச் சேமித்து வைத்திருப்பவர் எழுத்துப்பூர்வமான புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் இருக்கிறது. அது முதன்மையாகத் தளங்களை நினைத்து எழுதியது. ஆனாலும் அட்மின் அந்த 36 மணி நேரத்தைத் தன் கடிகாரமாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நோட்டீஸ் என்ற பெயரில் வருவதெல்லாம் நோட்டீஸும் அல்ல. எந்தப் படைப்பு, எந்தப் பதிவு, உரிமை யாருடையது என்ற விவரம் இல்லாமல், "ஜிபே செய்தால் புகாரைத் திரும்பப் பெறுகிறோம்" என்று வந்தால், பணம் அனுப்புவதுதான் அங்கே நீங்கள் செய்யக்கூடிய பெரிய தவறு.

"டெலிகிராமில் நம்பர் தெரியாது சார்" என்ற நம்பிக்கைக்கு ஆயுள் முடிந்துவிட்டது. டெல்லியில் ஒரு பயிற்சி ஆசிரியர், தன் பாடங்களைக் களவாடிப் பகிர்ந்த சேனல்களின் மீது வழக்குத் தொடுத்தார். 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த அட்மின்களின் விவரங்களைத் தரச் சொன்னது. டெலிகிராம் நிறுவனமும் அவர்களின் பெயர், தொலைபேசி எண், ஐபி முகவரி எல்லாம் மூடிய உறையில் கொடுத்தது. நம் இளைஞரின் கதையும் இதுவும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் இதை அவரிடம் இரண்டு முறை சொன்னேன்.

சினிமாவுக்கு வருவோம், சுருக்கமாக. கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி நீதிமன்றத்துக்கு நடக்கும்போது பர்மா பஜாரைத் தாண்டித்தான் போகிறேன். திருட்டு விசிடி தாராளமாக விற்ற காலத்தைப் பார்த்தவன். 2004-இல் வீடியோ திருட்டும் குண்டர் சட்டத்துக்குள் வந்தது. அந்தச் சட்டத்தில் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம் என்பதை வடசென்னையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இப்போது விசிடி அட்டைப்பெட்டியின் இடத்துக்குக் கைப்பேசி வந்துவிட்டது. 2023-இல் திருத்தப்பட்ட சினிமா சட்டம், திரையரங்கில் படத்தின் ஒரு பகுதியைத் திருட்டுப் பிரதியாக எடுப்பதற்கும் அனுப்புவதற்கும் துணைபோவதற்கும் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்கி, படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை போகலாம். நாயகன் அறிமுகமாகும் காட்சியைக் கைப்பேசியில் பிடித்து ரசிகர் குழுவில் போடுகிறவர் 'ஒரு பகுதி' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அந்தக் குழுவின் அட்மின் இதயக்குறி போடுவதற்கு முன் கவனிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் ஒன்று உண்டு: பயந்துபோய்ப் பேச்சையே தடை செய்வது. "படம் இணையத்தில் கசிந்துவிட்டதாம்" என்று ஒருவர் சொன்னால் அது செய்தி. தளங்களை முடக்குவது சரியா, டிக்கெட் விலைதான் இதற்கெல்லாம் காரணமா என்று விடிய விடிய வாதாடினால் அது கருத்து. 2016-இல் முடக்கப்பட்ட பக்கங்களில், பார்த்தாலே தண்டனை என்கிற தொனியில் எச்சரிக்கை வந்தபோது, வெறுமனே பார்ப்பது குற்றமல்ல என்று மும்பை உயர் நீதிமன்றமே குறுக்கிட்டது. 2012-இல் நம் சென்னை உயர் நீதிமன்றமும், ஒரு படத்துக்காக முழுத் தளங்களையே முடக்கியது சரியல்ல, குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் முடக்குங்கள் என்று தன் ஆணையைத் திருத்திக்கொண்டது. பேச்சு எல்லை தாண்டுவது, திருட்டுப் பிரதி கிடைக்கும் முகவரி வரும்போதுதான். எழுத்தை மாற்றி எழுதிய தளப்பெயரும், "தனியாக வா, தருகிறேன்" என்பதும் முகவரிதான். அதை அட்மினே சொன்னால், அவர் அங்கே காவல்காரர் அல்லர், கடைக்காரர்.

நம் இளைஞர் ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்தார். புதுக் குழு தொடங்கியிருக்கிறார், நூற்றிருபது பேர். அரசு இலவசமாக வைத்திருக்கும் பாடநூல் தளத்தின் முகவரியும், தேர்வாணையத்தின் பழைய வினாத்தாள் பக்கமும் மேலே பின் செய்யப்பட்டிருந்தன. நன்றாகத்தான் இருந்தது. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்: "கல்கி நாட்டுடைமைதானே சார், அவர் நாவலை ஒருவர் வாசித்த ஒலிப்புத்தகத்தைப் போடலாமா?" கூடாது என்றேன். எழுத்து நாட்டுடைமை; அந்தக் குரலைப் பதிவு செய்தவரின் உரிமை தனி. முகம் சற்று வாடியது. ஏற்கெனவே போட்டுவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். "ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு நீக்குங்கள்" என்றேன். என் எதிரிலேயே உட்கார்ந்து நீக்கினார்.

பழைய நோட்டீஸுக்கு நாங்கள் அனுப்பிய பதிலுக்கு எதிர்த்தரப்பிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.