இன்றைக்கு எந்த ஊத்? யாழ்ப்பாணத்து வெயிலில் பூசுவதும் சொல்வதும்

ஊத் என்கிற அகில் வாசனை எண்ணெய்யில் பைத்தியம் பிடித்த ஆக்கள் இரண்டு பேர் சந்தித்தால் சுகம் விசாரிக்கும் முன்னமே "அண்ணை, இன்றைக்கு எது?" என்றுதான் கதை தொடங்கும். அண்ணை கையை நீட்டுவார், தம்பி மணந்து பார்ப்பார், "அசாம்" என்று எண்ணெய் வந்த ஊரின் பெயர் ஒரு சொல்லாக வரும், அத்தோடு முடிந்தது. அந்த ஒரு சொல்லால் கேட்டவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. மார்கழி வாடைக்காற்றில் ஒரு கீற்றுப் பூசிய அசாமும் சித்திரைப் புழுக்கத்தில் இரண்டு சொட்டுப் பூசிய அசாமும் ஒரே போத்தலில் இருந்து வந்திருந்தாலும் ஒரே மணம் இல்லை. எது என்பதோடு எவ்வளவு, உடம்பில் எங்கே, எப்படிப்பட்ட நாள், எத்தனை மணிக்கு என்ன மணம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மற்றவர் தன் போத்தலைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு அடிப்படை கொஞ்சம். ஊத் என்பது எங்கள் அகில்தான். அக்குயிலேரியா இன மரத்தில் காயம் பட்டுப் பூஞ்சை பிடிக்கும்போது மரம் தன்னைக் காக்கப் பிசின் சுரக்கும், அந்தப் பிசின் ஊறிக் கறுத்த பகுதிக்குத்தான் விலை, நோயில்லாத வெள்ளைக் கட்டையில் மணம் கிடையாது. கறுத்த கட்டையைச் சிறாம்பாக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு காய்ச்சி வடித்தால் எண்ணெய். கனநாள் ஊறினால் புளித்த வாசமும் மாட்டுக்கொட்டில் வாசமும் ஏறும். அசாம் எண்ணெயின் அடையாளமே அதுதான், வியாபாரிகள் அதை 'ஹிந்தி' என்பார்கள். 'கம்போடி' இனிப்பும் பழமுமாக இருக்கும், இப்போது அந்தப் பெயரில் விற்பதில் கனக்கத் தாய்லாந்தில் வடித்தது. போர்னியோ எண்ணெய் லேசானது, சுத்தமான மர வாசம், பின்னால் கொஞ்சம் வனிலா. தொடங்குகிறவர்கள் போர்னியோவில் தொடங்குங்கள். ஹிந்தியை முதல் நாளே மணந்துவிட்டு "இதுக்கா இவ்வளவு காசு" என்று ஓடிப்போன ஆக்கள் நிறைய.

எதைப் பூசுவது என்பதைக் காலையில் போத்தலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், முற்றத்துக்கு வந்து காற்றைப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் காற்று அசையாது, உடம்பு எட்டு மணிக்கே நசநசக்கும். ஊத் எண்ணெயில் அற்ககோல் இல்லை, உடம்புச் சூட்டில்தான் அது மெல்ல மெல்ல எழும்புகிறது, ஆகவே சூடு கூடின நாளில் அதே அளவு எண்ணெய் இரண்டு மடங்கு கத்தும். அந்தக் காலத்தில் போர்னியோ, அதுவும் தொட்டும் தொடாமலும். வைகாசிக்குப் பிறகு சோளகம் அடிக்கத் தொடங்கினால் கதை மாறும், மோட்டார்சைக்கிளில் போகும்போது மணிக்கட்டு மணத்தைக் காற்றே அள்ளிக்கொண்டு போய்விடும், அப்போது நெஞ்சில், சேட்டுக்கு உள்ளே பூசுங்கள். வெயில் கடுமையாக இல்லாத நாளென்றால் கம்போடிக்கு இது நல்ல காலம். ஹிந்திக்கோ ஐப்பசி மழை தொடங்கித் தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றும் வரைக்கும் உள்ள நாட்கள்தான் சரி, குளிர்ந்த ஈரக் காற்றில் அதன் புகையும் தோலும் வடிவாக விரியும், மாட்டுக்கொட்டில் அடங்கியே இருக்கும். மழை நாளில் ஹிந்தி பூசாமல் வேறு எதையாவது பூசுகிறவர்களை எனக்கு விளங்குவதே இல்லை.

பூசும் முறைக்கு வருவோம். குளித்து, துவாயால் நன்றாகத் துடைத்து, உடம்பு காய்ந்த பிறகு பூசுங்கள். வாசனைச் சவர்க்காரமும் பவுடரும் போட்டுவிட்டு ஊத் பூசினால் எதை மணக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. போத்தலோடு வரும் கண்ணாடிக் குச்சியைத் தோய்த்து, போத்தலின் வாய் விளிம்பில் வழித்துவிட்டு, நுனியில் மிஞ்சினதை இடது மணிக்கட்டில் ஒரு கீற்று. மற்ற மணிக்கட்டால் ஒருதரம் ஒற்றி எடுங்கள், தேய்க்கத் தேவையில்லை. மிச்சம் இருந்தால் காதுக்குப் பின்னால், தாடி உள்ளவர்களுக்குத் தாடியில். அவ்வளவும் போதும். புது எண்ணெய் என்றால் முதலில் முழங்கையின் உட்பக்கம் சின்னதாகத் தொட்டு ஒரு நாள் பொறுங்கள், சிலருக்குச் சிவந்து கடிக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டில் படவே விடாதீர்கள், அந்த மண்ணிறக் கறை லேசில் போகாது.

வீட்டை விட்டு வெளிக்கிட அரை மணிநேரம் முன்னமே பூசுவது நல்லது. ஊத்தின் முதல் இருபது முப்பது நிமிடம்தான் கரடுமுரடு, அதை உங்கள் வீட்டுக்காரர் பொறுக்கலாம், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் ஏன் பொறுக்க வேண்டும்? இன்னொன்று, கொஞ்ச நேரத்தில் உங்கள் மூக்கு அந்த மணத்துக்குப் பழகிவிடும். மணம் போய்விட்டது என்று நினைத்து மேலும் பூசுவதுதான் எல்லோரும் செய்கிற வேலை. திரும்பப் பூச முன்னம் வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள். "அப்பா, போதும், குசினி வரைக்கும் வருது" என்று பிள்ளை சொன்னால் போதும்தான்.

சில இடங்களுக்குப் பூசாமல் போவதே மரியாதை. செத்த வீடு, ஆஸ்பத்திரி வார்டு, கொழும்புக்குப் போகும் ஏசி இரவு பஸ். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் சந்தனம், கற்பூரம், சாம்பிராணி எல்லாம் அங்கேயே நிறைந்திருக்கும், ஆம்பிளையள் மேல்சட்டை கழற்றி நெரிசலில் நிற்கிற இடத்தில் உங்கள் ஹிந்தி யாருக்கும் தேவையில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகிறவர்களுக்கு அத்தர் பூசுவது வழக்கமே, அங்கே நீங்கள் எதைப் பூசினாலும் அதைவிட நல்லதைப் பூசின ஒரு பெரியவர் முன்வரிசையில் இருப்பார்.

சரி, இப்போது சொல்லும் முறை. ஒரு சின்னக் கொப்பியில் எழுதிப் பழகுங்கள், பிறகு வாயில் தானாக வரும். என் கொப்பியில் இப்படி இருக்கும்:

"அசாம், பழசு. குச்சி நுனியால் ஒரு கீற்று, இடது கை. காலை 7. மப்பு, தூறல், காற்றில்லை. முதலில் மாட்டுக்கொட்டில், புளிப்பு. 8 மணிக்குப் புதுத் தோல் செருப்பு. மத்தியானம் புகை. பின்னேரம் 5 மணிக்குக் கையை மூக்கில் வைத்தால்தான் தெரிகிறது, இனிப்பான மரம்."

"கம்போடி, நெஞ்சில் ஒரு கீற்று. காலை 8. சோளகம், நல்ல வெயில். தொடக்கத்திலேயே பனாட்டு. 10 மணிக்கு இனிப்புக் கூடி அலுத்துவிட்டது. மத்தியானத்துக்குப் பிறகு நல்ல மரம். இதை இனி வெயில் நாளில் பூசுவதில்லை."

கவனித்தீர்களா, பனாட்டு, அதுதான் காயவைத்த பனங்களி, என்று எழுதியிருக்கிறேன். விற்கிறவர்கள் அத்திப்பழம், பிளம், கறுப்புச் செர்ரி என்று எழுதி அனுப்புவார்கள், அதில் பாதியை நாங்கள் வாழ்க்கையில் மணந்ததே இல்லை, ஆனாலும் அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டு திரிகிறோம். உங்கள் மூக்கு படித்ததைச் சொல்லுங்கள்: பனங்களி, புழுக்கொடியல், தணலில் போட்ட சாம்பிராணி, மழைக்கு நனைந்த வேலி மட்டை, சுருட்டுப் புகையிலை. இவற்றைச் சொன்னால் இங்கே எல்லோருக்கும் உடனே விளங்கும். "சுப்பர்", "வேற லெவல்" இரண்டையும் கொப்பியில் இருந்து தள்ளி வையுங்கள். பிடிக்காததையும் எழுதுங்கள், விலைகூடின போத்தல் என்பதற்காகப் பிடித்தமாதிரி நடிக்கிற ஆக்களின் பேச்சை நம்பி வாங்கிக் காசை விட்டவர்கள் பலர்.

வாங்குவது பற்றி நீட்ட விரும்பவில்லை. அளவு தோலாக் கணக்கு, ஒரு தோலா கிட்டத்தட்ட 11.66 கிராம், 12 மில்லிலீற்றர் போத்தலாக வரும். உங்களுக்குக் கால் தோலா, அதாவது 3 மில்லிலீற்றர், மாதக்கணக்கில் போதும். 'முகல்லத்' என்று எழுதியிருந்தால் அது கலவை, அதில் பிழை இல்லை, ஆனால் தனி ஊத் விலை கொடுக்காதீர்கள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, நிறத்தைப் பார்ப்பது எல்லாம் வீண் வேலை. கையில் பூசிவிட்டுக் கடையை விட்டு வெளியே வாருங்கள், நாலு மணிநேரத்தில் மணம் படிப்படியாக மாறினால் யோசிக்கலாம், காலையில் இருந்த அதே மணம் அச்சடித்த மாதிரிப் பின்னேரமும் நின்றால் வேண்டாம். வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவருவதென்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு 2004இல் பேங்கொக்கில் நடந்தது, அதில் அக்குயிலேரியா, கைரினொப்ஸ் இரண்டு இனங்களும் முழுவதாகவே வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சொந்தப் பாவனைக்கு ஆளுக்கு 24 மில்லிலீற்றர் எண்ணெய் வரை அந்த ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு, நாட்டுக்கு நாடு சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம் என்பதால் கொண்டுவர முன்னம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கைரினொப்ஸ் என்றது எங்கள் நாட்டு வல்லப்பட்டையைத்தான். தெற்கே, சிங்கராஜா பக்கத்து ஈரக் காடுகளில் வளர்வது, இதிலும் அகில் பிசின் விளையும். கடத்தப் பார்த்துக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபட்ட செய்தி அடிக்கடி வரும். யாராவது "தெற்கில் இருந்து வந்த சாமான், மலிவு" என்று காதுக்குள் சொன்னால் விலகிப் போங்கள். அது களவாக வெட்டின மரமாகத்தான் இருக்கும்.

போத்தலை அலுமாரியில், இருட்டில், மூடியை இறுக்கி வையுங்கள். மோட்டார்சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு திரியாதீர்கள், பகல் வெயிலில் அது அடுப்பு. நல்ல ஊத் வருடக்கணக்கில் கெடாது, பழசாகப் பழசாக ஹிந்தியின் முரட்டுத்தனம் இன்னும் குறையும்.

ஒருவருக்கொருவர் மாற்றிக் கொள்வதுதான் இதில் மலிவான வழி. சின்னக் கண்ணாடிக் குப்பியில் நாலைந்து சொட்டு விட்டுக் கொடுங்கள், இரண்டு மூன்று நாள் பூசி எழுதிப் பார்க்க அது போதும். கொடுக்கும்போது எந்த ஊர் எண்ணெய், எந்த வருடம் வடித்தது, யாரிடம் வாங்கியது என்று கடதாசியில் எழுதி ஒட்டுங்கள். பேனை மை எண்ணெய் பட்டால் கரைந்துவிடும், பென்சிலால் எழுதி மேலே செலோரேப் சுற்றுங்கள்.