கேம்பர் வேனில் டீசல் ஹீட்டர் பொருத்துதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

உள்ளேயே தங்கி உறங்க வசதி செய்த கேம்பர் வேனுக்கான ஹீட்டர்களில், எரிவதற்கு வேண்டிய காற்றை அறையிலிருந்தே எடுத்து, எரிந்த புகையையும் அறைக்குள்ளேயே விடுபவை ஒரு வகை. வெளிக்காற்றை ஒரு குழாயால் இழுத்து, புகையை இன்னொரு குழாயால் வெளியே தள்ளுபவை மற்றொரு வகை. முதல் வகையில் ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீர் ஆவியாகிச் சன்னலிலும் தகரச் சுவரிலும் படியும். அது சிறிய குறைதான்; உள்ளே இருப்பவர்கள் சுவாசிக்கும் ஆக்சிஜனை அந்த ஹீட்டர் குறைப்பதும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு சேர இடம் கொடுப்பதும்தான் பெரிய குறை. ஆகவே உறங்கும் இடத்துக்கு இரண்டாம் வகையே ஏற்றது. அதில் பரவலாகப் புழங்கும் 12 வோல்ட் டீசல் ஹீட்டரைப் பொருத்தும் முறையை இங்கே காண்போம்.

இந்த ஹீட்டருக்குள் ஒரே மோட்டார் இரண்டு விசிறிகளைச் சுழற்றுகிறது. ஒன்று அறைக்காற்றை இழுத்து, சூடான அலுமினிய உறையின் மேல் ஓடவிட்டு, மீண்டும் அறைக்கே அனுப்புகிறது. மற்றொன்று வெளிக்காற்றை எரியும் அறைக்குள் செலுத்திப் புகையாக வெளியேற்றுகிறது. இந்த இரு காற்றும் எந்த இடத்திலும் கலக்கக் கூடாது. பொருத்தும் வேலையில் நீங்கள் எடுக்கும் சிரமத்தில் பாதிக்கு மேல் இதற்காகத்தான்.

படி 1: அளவும் இடமும்

வெப்பத்தடுப்பு செய்யப்பட்ட வழக்கமான வேனுக்கு 2 கிலோவாட் போதும். விலை வித்தியாசம் குறைவு என்பதற்காக 5 கிலோவாட் வாங்கினால், அது எப்போதும் குறைந்த வேகத்திலேயே எரிந்து, எரியும் அறையில் கரி படியும். பெரியதை வாங்குவதைவிட வெப்பத்தடுப்பைக் கூட்டுவது மேல் என்பது என் கருத்து.

இருக்கைக்கு அடியிலோ கட்டிலுக்குக் கீழுள்ள பெட்டியிலோ ஹீட்டரை வைக்கலாம். அறைக்காற்று நுழையும் முனைக்கு முன்னால் துணிமணி சரிந்து விழாதபடி ஒரு தடுப்பு வேண்டும். இடத்தைத் தீர்மானிப்பது உண்மையில் வேனின் அடிப்புறம்தான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின் மேல் ஏற்றி, கீழே படுத்துப் பாருங்கள். சேஸிஸ் சட்டம், பிரேக் குழாய், டீசல் டேங்க், வயர் கட்டு, டிரைவ் ஷாஃப்ட் ஆகியவை எங்கே போகின்றன என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து விலகிய தட்டையான தகரப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வாகனத்தில் மாற்றம் செய்வது குறித்த உங்கள் நாட்டு விதிகளையும் காப்பீட்டு நிபந்தனைகளையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

படி 2: தரையில் துளையிடுதல்

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஹீட்டருடன் வரும் அடித்தட்டையே அச்சாக வைத்துத் துளைகளின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். நேரடியாகப் பெரிய துளை போடாமல், 3 மி.மீ. பிட்டால் ஒரு சிறு துளை போட்டு, கீழே போய் அது எங்கே வெளிவந்திருக்கிறது என்று பார்த்த பிறகே, வட்டத் துளை வெட்டும் ஹோல் சாவைப் பயன்படுத்துங்கள். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, துரு பிடிக்காதிருக்க பிரைமரும் வண்ணப்பூச்சும் அடித்து முழுவதும் உலரவிடுங்கள்.

தரையில் மரப்பலகையும் வெப்பத்தடுப்பும் இருந்தால், துளையைச் சுற்றி அவற்றை அகற்றிவிட்டு, அடித்தட்டை நேராகத் தகரத்தின் மேல் உட்கார வைக்க வேண்டும். ஹீட்டரின் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் மடங்காமல், முழுச் சுற்றிலும் ஒரே சீராக அழுந்தியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மேடுபள்ளமான தகரத்தில் அதிக வெப்பம் தாங்கும் சீலன்ட் ஒரு சுற்று இடுவது தவறில்லை. ஆனால் கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சீலன்டை மட்டும் நம்ப வேண்டாம். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

படி 3: புகைக்குழாயும் காற்றுக்குழாயும்

புகைக்குழாயின் எந்த இணைப்பும் வேனுக்குள் இருக்கக் கூடாது. எல்லாம் தரைக்குக் கீழேதான். 2 கிலோவாட் ஹீட்டருக்குப் பெரும்பாலும் 24 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் குழாய் வரும். அதை ஹீட்டரின் குழாய்முனையில் கடைசிவரை ஏற்றி, கிளாம்பால் இறுக்கி, பிறகு கையால் முறுக்கிப் பாருங்கள். அசைந்தால் கழற்றி மீண்டும் போடுங்கள். குழாயை 2 மீட்டருக்குள் முடித்துக்கொண்டு, கூர்மையான மடிப்பின்றி, ஹீட்டரிலிருந்து சற்றே சரிவாகக் கொண்டுபோங்கள். இடையில் பள்ளம் விழுந்தால் அங்கே புகையிலுள்ள ஈரம் நீராகித் தேங்கும். தவிர்க்க முடியாவிட்டால் அந்தத் தாழ்ந்த புள்ளியில் ஒரு சிறு வடிதுளை வேண்டும்.

பலரும் புகைக்குழாயின் சைலன்சருக்கு அப்பால் குழாயை வேனின் நடு அடிப்பகுதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். காற்றில்லாத இரவில் புகை அங்கேயே தங்கி, தரையிலுள்ள ஏதாவதொரு ஓட்டை வழியே மேலே ஏறும். குழாயின் வாய் வேனின் பக்கவாட்டு ஓரம்வரை வர வேண்டும். சன்னல், கதவு, காற்றுத்துளை எதற்கும் கீழே அது இருக்கக் கூடாது. வண்டி ஓடும் திசையைப் பார்த்தும் இருக்கக் கூடாது. குழாய் சில நூறு டிகிரி வரை சூடாகும் என்பதால் டயர், டீசல் குழாய், பிரேக் ஓஸ், பிளாஸ்டிக் ஆகியவற்றிலிருந்து தள்ளி, சேஸிஸில் உலோகப் பட்டையால் கட்டுங்கள். பிளாஸ்டிக் டை இதற்கு உதவாது.

எரிகாற்றை இழுக்கும் குழாயின் வாயைப் புகைவாயிலிருந்து எட்ட வைத்து, நீர் தெறிக்காதபடி கீழ்நோக்கித் திருப்புங்கள். தன் புகையையே இழுக்கும் ஹீட்டர் விரைவில் கரியடைத்து நின்றுவிடும்.

படி 4: டீசல் வழி

டேங்கின் மேற்புறத்தில் தனி உறிஞ்சுகுழாய் பொருத்துவதே சிறந்தது. அதன் முனை டேங்கின் அடியைத் தொடாமல் சில சென்டிமீட்டர் மேலே நின்றால், வண்டல் ஏறாது. ஹீட்டர் இரவு முழுவதும் எரிந்தாலும் எஞ்சினுக்குக் கொஞ்சம் டீசல் மிஞ்சும். பெட்ரோல் வேனாக இருந்தால் தனி டீசல் டேங்க் அவசியம். அதைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள்.

பம்பை ஹீட்டருக்கு அருகில் அல்ல, டேங்குக்கு அருகில் வைக்க வேண்டும். அது இழுப்பதைவிடத் தள்ளுவதில்தான் வல்லது. டீசல் வெளியேறும் முனை மேலே பார்க்க, 15 முதல் 35 டிகிரி சாய்வில் ரப்பர் பட்டையில் தொங்கவிட்டால், குமிழிகள் தாமாகவே மேலேறிப் போய்விடும். நீண்ட தூரத்துக்கு மெல்லிய, விறைப்பான நைலான் குழாயே சரி. மென்மையான ஓஸ் பம்பின் ஒவ்வொரு துடிப்புக்கும் உப்பிச் சுருங்குவதால் டீசலின் அளவு தவறும். குழாய்த் துண்டுகளை இணைக்கும்போது, ரப்பர் இணைப்புக்குள் இரு முனைகளும் ஒன்றையொன்று முட்டும்வரை தள்ளுங்கள். இடைவெளி விட்டால் அங்கே காற்று தங்கும்.

படி 5: மின்னிணைப்பு

எரியும் நேரத்தில் ஒன்றிரண்டு ஆம்பியர் மட்டுமே இழுக்கும் இந்த ஹீட்டர், தொடங்கும்போது டீசலைப் பற்றவைக்கும் குளோ பிளக்குக்காக 10 ஆம்பியர் வரை கேட்கும். பேட்டரி 5 மீட்டர் தூரத்திலிருந்து, 2.5 ச.மி.மீ. வயர் போட்டால், போகவர ஏறத்தாழ 0.7 வோல்ட் இழப்பு ஏற்படும், 4 ச.மி.மீ. வயரில் அது 0.45 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். தயாரிப்பாளர் சொல்லும் அளவிலான ஃபியூஸை பேட்டரிக்கு மிக அருகில் வையுங்கள். ஹீட்டரை நிறுத்திய பிறகும் விசிறி சில நிமிடங்கள் ஓடி உள்ளே குளிர்விக்க வேண்டியிருப்பதால், இடையில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சைப் போட வேண்டாம்.

படி 6: முதல் ஓட்டம்

எரியவிடும் முன் ஒரு சோதனை. இரு விசிறிகளும் ஒரே மோட்டாரில் சுழல்வதால், வெறும் விசிறியாக ஓட்டினாலும் புகைக்குழாயில் காற்று போகும். அப்போது தரைக்குக் கீழே ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் கிளாம்பைச் சரிசெய்யுங்கள்.

பிறகு கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் பொருத்துங்கள். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பொழுதுபோக்கு வாகனங்களுக்கான இ.என். 50291-2 என்ற ஐரோப்பியத் தரக்குறியீடு உள்ள அலாரத்தை, படுக்கையில் தலை இருக்கும் உயரத்தை ஒட்டி வைத்து, பொத்தானை அழுத்தி ஒலியைச் சரிபாருங்கள். அலாரம் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஹீட்டரை ஓட்ட வேண்டாம்.

இப்போது வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்து ஹீட்டரைப் போடுங்கள். பம்பு டிக் டிக் என்று துடிக்கும். குழாயில் டீசல் நிரம்பாததால் முதல் முயற்சி தோற்கலாம். இரண்டு முறைக்கு மேல் தொடர்ந்து முயலாமல் காரணத்தைத் தேடுங்கள். எரியாத டீசல் உள்ளே தேங்கிவிட்டால், பிறகு பற்றும்போது வெண்புகை கொப்பளிக்கும். பற்றிய பின் முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். புதுக் குழாயின் எண்ணெய்ப் பூச்சு கருகும் வாடை அதற்குள் அடங்க வேண்டும். அடங்காமல் அறைக்குள் புகைவாடை நீடித்தால் உடனே நிறுத்திவிட்டுப் படி 2-க்கும் படி 3-க்கும் திரும்புங்கள். ஹீட்டர் ஆறிய பின் நட்டுகளையும் கிளாம்புகளையும் மறுபடி முடுக்கி, இணைப்புகளைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் நீண்ட பயணத்துக்குப் பிறகும் இதையே ஒருமுறை செய்ய வேண்டும்.