த்ரீபெட்டுக்கு எந்தச் சீட்டு? பலரும் செய்யும் தவறுகள்

டெக்சாஸ் ஹோல்டம் போக்கரில் முதல் இருக்கையில் இருப்பவர் ரெய்ஸ் செய்கிறார், அதாவது பந்தயத்தை ஏற்றுகிறார். நிதானமாக ஆடுபவர். பட்டனில், அதாவது ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடத்தில் நீங்கள், கையில் ஏஸ்-ஜாக், சூட் வேறு வேறு. பார்க்க அழகான சீட்டு, கை தானாக ரீரெய்ஸுக்குப் போகும். அவர் ஏற்றியதற்கு மேல் ஏற்றும் இந்த ரீரெய்ஸ்தான் த்ரீபெட். பலர் பணம் விடுவது இங்கேதான்.

ஏன் என்றால், நீங்கள் ஜெயிக்கக்கூடிய ஏஸ்-டென், கிங்-ஜாக் எல்லாவற்றையும் அவர் மடக்கிவிடுவார். விடாமல் நிற்பது ஏஸ்-கிங், ஏஸ்-குயின், பெரிய ஜோடிகள். ஏஸ்-கிங்கை உங்கள் ஏஸ்-ஜாக் வெல்வது ஏறக்குறைய நாலில் ஒரு தடவைதான். ஃப்ளாப்பில், அதாவது மேஜையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளில், ஏஸ் விழுந்தால் இன்னும் மோசம், விட்டுவிட மனசே வராது.

அதே இடத்தில் ஏஸ்-ஜாக்கைவிட ஒரே சூட் ஏஸ்-5 மேலான சீட்டு என்றால் நம்பக் கஷ்டம்தான். ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒரு ஏஸ் உங்களிடம் இருப்பதால், எதிராளிக்கு ஏஸ் ஜோடி வரும் வழிகள் 6-லிருந்து 3 ஆகின்றன. ஏஸ்-கிங் 16-லிருந்து 12. அவர் கால் செய்தாலும், அதாவது அதே தொகையை வைத்து நின்றாலும், ஸ்ட்ரெய்ட் (தொடர்ச்சியான ஐந்து சீட்டு), ஃப்ளஷ் (ஒரே சூட்டில் ஐந்து) வாய்ப்பு இருக்கிறது. அவர் அதற்கும் மேல் ஏற்றி ஃபோர்பெட் வந்தால் வருத்தமில்லாமல் மடக்கிவிடலாம்.

7-7 அப்படியல்ல. நான் வெகுநாள் அதைப் பட்டனில் இருந்து ரீரெய்ஸ் செய்துவந்தேன். நான் 9 பிக் பிளைண்ட் (ஆட்டத் தொடக்கத்தில் வைக்கும் இரண்டு கட்டாயப் பந்தயங்களில் பெரியது) வைப்பேன், அவர் 22 வைப்பார், ஃப்ளாப்பைப் பார்க்காமலே மடக்குவேன். சும்மா கால் செய்திருந்தால் எட்டு, ஒன்பது தடவைக்கு ஒரு தடவை மூன்றாவது ஏழு விழும். ஒரே சூட் 9-8-க்கும் இதே நியாயம்தான்.

சரி, ஏஸ்-5 எங்கும் செல்லுமா? செல்லாது. எதிராளி 3 பிக் பிளைண்ட் வைத்தால், இரண்டு பிளைண்டும் (1, அரை) சேர்ந்து நடுவில் கிடப்பது 4.5. அதற்காக நீங்கள் 9 வைக்கிறீர்கள். கையில் ஒன்றுமே இல்லாமல் அடித்தால், மூன்றில் இரண்டு தடவைக்கு மேல் எல்லாரும் ஃபோல்ட் செய்தால்தான் அந்த இடத்திலேயே லாபம். சின்னத் தொகை மேஜைகளில் யார் அப்படி ஃபோல்ட் செய்கிறார்கள்? எதையும் கால் செய்பவரிடம் பிளஃபை ஓரம் கட்டிவிட்டு ஏஸ்-குயின், ஒரே சூட் கிங்-குயின், 10-10 என்று நேரான பலத்தோடு அடியுங்கள். அவர் கண்டதையெல்லாம் வைத்து ரெய்ஸ் செய்பவராகவும் இருந்தால், முதலில் வேண்டாம் என்ற அந்த ஏஸ்-ஜாக்கும் இங்கே நல்ல சீட்டு.

அப்புறம் அளவு. ஸ்மால் பிளைண்டில் இருந்தால் ஃப்ளாப்புக்குப் பிறகு முதலில் பேச வேண்டியவர் நீங்கள். அங்கே 9 போதாது. 11, 12 வையுங்கள்.